மேசையில் இடம்பெறாத கருவி

இதை வாசிக்கும் உங்களை நான் நடுவராக அமர்த்தவில்லை. நடுவர்களை நான் நன்கறிவேன். கல்லூரிக் காலந்தொட்டு அவர்கள் முன் நின்று பேசி வருகிறேன், பெரும்பாலும் வென்றும் வருகிறேன். உங்களிடம் நான் வேண்டுவது சாட்சியாக இருப்பதை மட்டுமே. நடந்ததை நடந்த வரிசையில் சொல்கிறேன். அருகில் நின்று பார்த்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். நாளை நானே இதை மாற்றிச் சொல்ல முற்பட்டால், அன்று சொன்னது வேறு என்று எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

முதலில் மேசையைப் பாருங்கள். உப்பலில், தொழிற்சாலைகளுக்குத் திரும்பும் சாலையில், ஒரு ஜெராக்ஸ் கடையின் பின்பாதி. நான்கடி நீளம், இரண்டடி அகலம், மேலே நீல ரப்பர் விரிப்பு. முன்பாதியில் ஜெராக்ஸ் இயந்திரம் ஓடும்போதெல்லாம் எங்கள் மேசையும் இலேசாக அதிரும். அந்த மேசையை வைத்துத்தான் நானும் என் கூட்டாளியும் கணினி பழுது பார்க்கும் தொழிலைத் தொடங்கினோம்.

கூட்டாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். கல்லூரி விவாத அணியில் நாங்கள் இருவரும் ஓர் இணை. பிறகு ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்து, அதை விட்டுவிட்டு என்னோடு வந்தான்; அந்த வேலைக்காகக் கொண்டாப்பூரில் எடுத்த வாடகை அறையை மட்டும் விடவில்லை. நான் லாலாகுடா ரயில்வே குடியிருப்பில் பிறந்தவன். தெலுங்கு பேசும் இந்த நகரில் தமிழ் மேடைகள் குறைவு. ஆதலால் இருக்கும் மேடைகளில் எங்களை அறியாதவர் குறைவு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எதை முடிவு செய்வதானாலும் இரண்டு சீட்டு எழுதிக் குலுக்குவோம். யாருக்கு எந்தப் பக்கம் வருகிறதோ, அவர் அந்தப் பக்கத்துக்காகப் பேச வேண்டும். சொந்தக் கருத்து எதுவாயினும் வெளியே நிறுத்திவிட வேண்டும். வென்ற பக்கமே முடிவு. தோற்றவர் பின்னர் முணுமுணுக்கக் கூடாது. பயிற்சிக் காலத்தில் தொற்றிக்கொண்ட இந்தப் பழக்கம் நாளடைவில் சட்டமாகிவிட்டது. கடையை உப்பலில் வைப்பதா, தார்னாக்காவில் வைப்பதா என்பதைக்கூட இப்படித்தான் தீர்த்தோம். மாறுபட்ட பக்கத்தையும் மனமாரப் பேசிப் பார்த்தவர்களே நல்ல முடிவெடுப்பார்கள் என்பது எங்கள் கொள்கை. இன்றும் அதில் பாதியை நான் நம்புகிறேன்.

மேசையின் அளவு ஒரு விதியை வகுத்துத் தந்தது. நிரந்தரமாக மேசைமேல் இருக்கத்தக்க சோதனைக் கருவிகள் ஆறு மட்டுமே. அலமாரிக்குள் போகும் கருவியை அவசரத்தில் யாரும் எடுப்பதில்லை; கூட்டாளி தன் பழைய அலுவலகத்தில் அதைக் கண்டிருக்கிறான். எனவே ஆறு. அந்த ஆறும் எந்த வரிசையில் நிற்கின்றனவோ, அந்த வரிசையில்தான் எல்லா இயந்திரங்களையும் சோதிப்பது என்றும் வகுத்து, அதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம்.

மல்டிமீட்டருக்கு விவாதம் தேவைப்படவில்லை. மின்னழுத்தம் அளக்காதவன் அந்த மேசைக்கு முன் அமரவே கூடாது. இரண்டாவது, டி.சி. பவர் சப்ளை. லேப்டாப்பை அதன் சார்ஜருக்குப் பதில் இதில் இணைத்தால், அது இழுக்கும் மின்னோட்டம் எண்ணாகத் தெரியும். அந்த எண் ஏறும் விதத்திலேயே பழுது எந்தத் திசையில் என்பது பாதி விளங்கிவிடும். மூன்றாவது, எந்தக் கட்டத்தில் கணினி நின்றுபோனது என்பதை இரண்டு எழுத்துகளில் காட்டும் சிறு அட்டை. நான்காவது, நன்றாக வேலை செய்யும் என்று உறுதியான ஒரு மெமரி. ஐயமுள்ளதைக் கழற்றி இதைப் பொருத்திப் பார்த்தால் போதும்.

ஐந்தாவது இடத்துக்குப் போட்டி இருந்தது. வெப்பத்தைப் படமாகக் காட்டும் கேமராவுக்காக நான் பேசினேன். ஒரு புட்டி ஆல்கஹாலுக்காக அவன் பேசினான். ஷார்ட் ஆன போர்டின்மேல் ஆல்கஹாலைத் தடவி மின்சாரம் கொடுத்தால், சூடாகும் சில்லின் மேல் அது முதலில் உலர்ந்துவிடும். கண்ணால் பார்த்தே கண்டுகொள்ளலாம். அவன் அதைச் செய்தே காட்டினான். நான் பேசிக்கொண்டிருந்தபோதே ஒரு சில்லின் மேல் ஈரம் காய்ந்தது. அந்தத் தோல்வியை நான் மரியாதையாக ஏற்றேன். ஆயினும் அடுத்த விவாதத்தில் வென்றே தீர வேண்டும் என்று அப்போது உறுதி கொண்டதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

ஆறாவது இடத்துக்கு இரண்டு கருவிகள் நின்றன. ஒன்று மைக்ரோஸ்கோப். மற்றொன்று, இரண்டு டிஸ்க்குகளைச் செருகினால் ஒன்றிலிருப்பதை மற்றொன்றில் அப்படியே நகலெடுக்கும் டாக். டாக் தேவை என்பதே என் சொந்தக் கருத்து; முந்திய நாள் பேருந்தில் அவனிடம் சொல்லியும் இருந்தேன். சீட்டுக் குலுக்கியபோது எனக்கு மைக்ரோஸ்கோப் வந்தது.

நடுவர், ஜெராக்ஸ் கடைக்காரர். தெலுங்கர்; தமிழ் அறியாதவர். சொல்லின் பொருளில் மயங்காமல் பேச்சின் உறுதியை மட்டும் எடைபோடுவார் என்று காரணம் சொல்லி அவரை நாங்களே அமர்த்தியிருந்தோம்.

கூட்டாளி முதலில் பேசினான். அவனுக்கு நீளமாகப் பேச வராது.

"ஏல, சனங்க கம்ப்யூட்டரயா தூக்கிட்டு வாராவ? அதுக்குள்ள கெடக்கதத்தான தூக்கிட்டு வாராவ. நாம கைய வைக்கதுக்கு முந்தி அதுக்கு ஒரு நகல் எடுத்து வச்சிரணும்லா. அம்புட்டுதான்."

பிறகு நான் எழுந்தேன். பழுது பார்ப்பவனின் கடமை உடலைப் பற்றியது, உடைமைகளைப் பற்றியதன்று என்றேன். தன் கோப்புகளுக்கு நகல் வைத்துக்கொள்ளும் பொறுப்பு உரிமையாளருடையது. அதை நாம் ஏற்றால் அவர் என்றென்றும் கவனமற்றவராகவே இருப்பார் என்றேன். போர்டின் மேல் படிந்த உப்பை, விட்டுப்போன ஈயப் பற்றாசை, மயிரிழை போன்ற விரிசலைக் காணாதவன் குருடனாகக் கத்தி பிடிக்கிறான் என்று முடித்தேன். குரல் ஏற வேண்டிய இடத்தில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கியது. ஜெராக்ஸ் எடுக்க வந்து நின்ற இருவர் கைதட்டினார்கள்.

கடைக்காரர் என்னைக் காட்டி, "ஈயனே கெலிசாடு" என்றார். வென்றவர் இவரே. பிறகு சிரித்துக்கொண்டே, "அர்த்தம் காலேது, கானி பாகுந்தி" என்றார். புரியவில்லை, ஆனால் நன்றாக இருந்தது.

மைக்ரோஸ்கோப் மேசைக்கு வந்தது. சுவர்த்தாளில் ஆறாவது வரியாக அதன் பெயர் ஏறியது. டிஸ்க் என்ற சொல் அந்தத் தாளில் எங்கும் இல்லை. அப்போது அதை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் வெற்றியின் அடையாளம் என்றே கொண்டிருப்பேன்.

சில வாரங்களுக்குப் பின் லாலாகுடாவிலிருந்து ஓர் அக்கா வந்தார். எங்கள் குடியிருப்பின் பின்வரிசையில் வசிப்பவர். கணவர் ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். அக்கா வீட்டிலேயே கம்ப்யூட்டர் எம்பிராய்டரி செய்கிறார். ரவிக்கைக்கும் புடவை ஓரத்துக்குமான பூ, மயில், மாங்காய், கொடி எல்லாவற்றையும் லேப்டாப்பில் தாமே தையல் தையலாக வரைந்து, பென்டிரைவில் ஏற்றி, இயந்திரத்தில் செருகித் தைப்பார். நூற்றுக்கு மேற்பட்ட டிசைன்கள். கடையில் விற்கும் டிசைன் எதையும் அவர் வாங்கியதில்லை. போன வருடம் தைத்த அதே கொடி வேண்டும் என்று பழைய வாடிக்கையாளர்கள் மீண்டும் வருவதே அவர் வருமானத்தின் பெரும்பகுதி.

"வா தம்பி, வா. பொட்டிய தொறந்து பாரு. மைக்க பாத்த மாதிரி வாய தொறந்துட்டு நிக்காத" என்றார். என்னைச் சிறுவயதிலிருந்து அறிந்தவர்.

"என்னக்கா பிரச்சினை?"

"ஒரு டிசைன் தொறக்கறதுக்குள்ள நான் குக்கர் வெச்சு மூணு விசில் எறக்கிடறேன். நடுவுல அப்படியே நின்னு போவுது."

"டிசைனுக்கெல்லாம் வேற காப்பி இருக்கா?"

"பென்டிரைவ்ல போடுவேன், தெச்சு முடிச்சதும் அழிச்சுடுவேன். அதான் இதுல இருக்கே, இன்னொண்ணு கைக்கு?"

எதற்கு என்று அவர் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருந்திருக்க வேண்டும். "சரிக்கா, நாளைக்கு வாங்க" என்று மட்டும் சொன்னேன்.

"அடுத்த மாசம் பூரா கல்யாணம் தம்பி. பன்னெண்டு ரவிக்கைக்கு ஒத்துக்கிட்டிருக்கேன். லேட் ஆச்சு, நான் காலி."

சுவர்த்தாளின் வரிசைப்படியே சோதித்தோம். மின்னழுத்தம் சரி. மின்னோட்டத்தின் எண் ஏற வேண்டிய விதத்தில் ஏறியது. சிறு அட்டையும் எந்தக் கட்டத்திலும் நிற்கவில்லை என்றே காட்டியது. மெமரியை மாற்றிப் பார்த்தோம், அதில் பழுதில்லை. ஆல்கஹாலுக்கு வேலையே இல்லை. மைக்ரோஸ்கோப்பின் கீழ் போர்டு தெளிவாகவும் அழகாகவும் இருந்தது. அரைமணி நேரம் அதை நான் பார்த்தேன், தேவைக்கு அதிகமாகவே. ஆறு கருவிகளும் குற்றமில்லை என்று கூறியபின் எஞ்சியது விண்டோஸ்தான் என்று தீர்ப்பளித்தேன்.

"டிஸ்க்க ஒருக்கா பாத்துருவமா?" என்றான் கூட்டாளி.

"தாளில் இருக்கிறதா?" என்றேன்.

அவன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். தோற்றவர் முணுமுணுக்கக் கூடாது என்பது எங்கள் சட்டம்.

டிஸ்க்கை முழுவதுமாக வாசித்துப் பிழைகளைத் திருத்தும் நிரலை ஓடவிட்டேன். நலமான டிஸ்க்குக்கு அது ஒன்றும் செய்யாது. தளர்ந்த டிஸ்க்குக்கு அது ஓட ஓட விரட்டுவதற்குச் சமம். முற்பகலில் பன்னிரண்டு விழுக்காடு. உணவுக்குப் பின் பத்தொன்பது. அங்கேயே நின்றது. பிறகு ஒரு சத்தம், நகத்தால் தகரத்தைச் சுண்டுவது போல, சீரான இடைவெளியில். ஜெராக்ஸ் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் எனக்கு அது உடனே கேட்கவில்லை. கூட்டாளி எட்டி மின்சாரத்தை நிறுத்தினான். மறுபடி இயக்கியபோது, டிஸ்க் என ஒன்று இல்லவே இல்லை என்று திரை சொன்னது.

அழிந்த கோப்புகளை மீட்டெடுக்கும் ஓர் ஆய்வகத்துக்கு அதை எடுத்துச் சென்றோம். நான்கு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார்கள். உள்தட்டில் கீறல்; எதையும் எடுக்க இயலாது என்றார்கள்.

அக்காவிடம் சொல்லும் பொறுப்பை நான் ஏற்றேன். பேசுவது என் துறை. புதிய டிஸ்க் போட்டு வேகமாகிவிட்ட லேப்டாப்பை எடுத்துக்கொண்டு லாலாகுடா சென்றேன். பேருந்திலேயே உரை தயாராகிவிட்டது. டிஸ்க் என்பது ஓயாமல் சுழலும் பொருள், அதற்கென ஓர் ஆயுள் உண்டு, அக்காவின் டிஸ்க் வரும்போதே முடியும் நிலையில் இருந்தது, தாமதம்தான் அதன் அறிகுறி. இந்த நான்கு வாக்கியங்களில் பொய் ஒன்றும் இல்லை. நீங்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அக்கா இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"எல்லாமா போச்சு?"

"ஆமாக்கா."

"மயிலும்?"

"எல்லாம்தாங்க்கா."

விரலிலிருந்த நூலைச் சுற்றி வைத்துவிட்டு, "வேற கடைல குடுத்திருந்தா பொழச்சிருக்குமா?" என்றார்.

நான் எதிர்பாராத கேள்வி. மேடையில் எதிர்பாராத கேள்வி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எனக்குப் பயிற்சி உண்டு.

"அதை யாராலும் சொல்ல முடியாதுக்கா" என்றேன்.

"ஹவ்" என்று ஆமோதித்துத் தலையசைத்தார். "உன் தப்பு என்ன தம்பி, அதோட ஆயுசு அவ்ளோதான்." டீ போட்டுக் கொடுத்தார். நான் குடித்தேன். நான் குடித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பழைய ரவிக்கையை எடுத்து விரித்து, அதிலிருந்த கொடியின் தையல்களை விரல்நுனியால் எண்ணத் தொடங்கினார். ஒரு கொடியை முதலிலிருந்து வரைய மூன்று நாள் ஆகும் என்றார். எனக்குச் சொன்னதாகத் தெரியவில்லை; பன்னிரண்டு ரவிக்கைகளைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைக்குத் திரும்பி, "ஏற்றுக்கொண்டார்" என்றேன்.

"அவ்வொ ஏத்துக்கிட்டாவளா, இல்ல ஒன் பேச்சுல தோத்தாவளா?" என்றான் கூட்டாளி.

அன்றே அவன் டாக் ஒன்றை ஆர்டர் செய்தான். சீட்டு எழுதவில்லை, என்னைக் கேட்கவுமில்லை. அது வந்து சேர்ந்தபோது மைக்ரோஸ்கோப்பை அலமாரிக்குள் வைத்தது நான்.

அடுத்த வாரம், உப்பலில் டியூஷன் நடத்தும் ஓர் ஆசிரியை பழைய லேப்டாப் ஒன்றைக் கொண்டு வந்தார். அதே தாமதம், அதே உறைதல். இம்முறை எதையும் தொடுவதற்கு முன் டிஸ்க்கைக் கழற்றி டாக்கில் செருகினோம். நண்பகலில் தொடங்கியது. கெட்ட இடங்களைத் தாண்டித் தாண்டி, மாலை விளக்கேற்றும் வேளைக்குள் நகல் முடிந்தது. நான்கைந்து கோப்புகள் நீங்கலாக எல்லாம் வந்துவிட்டன. ஆசிரியைக்கு அதில் வியப்பேதும் இல்லை. பழுது பார்க்கக் கொடுத்தால் பழுது பார்த்துத் தருவார்கள் என்பதுபோல வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டு டிஸ்க்குகள் ஒன்றல்ல என்று நான் வாதிட முடியும். ஒன்று பிழைத்ததால் மற்றதும் பிழைத்திருக்கும் என்பது தருக்கப்படி நிற்காது. அந்த மறுப்பை நானே எழுப்பி, நானே கேட்டும் பார்த்தேன். ஆனால் அக்கா என்னிடம் தருக்கம் கேட்கவில்லை. வேறு கடை என்று அவர் சொன்னது, டாக் வைத்திருக்கும் எந்தக் கடையையும்தான். அதற்கான விடை அப்போதே எனக்குத் தெரியும்; சீட்டுக் குலுக்குவதற்கு முன்பே தெரியும். யாராலும் சொல்ல முடியாது என்று நான் கூறியது, அந்த வீட்டில் நான் சொன்ன ஒரே பொய்.

மறுநாள் காலை லாலாகுடா சென்றேன். அக்கா கதவைத் திறந்து, "என்ன தம்பி, கம்ப்யூட்டர் நல்லா ஓடுதே" என்றார்.

உரை ஏதும் தயாரிக்கவில்லை. "அக்கா, அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்கள்ல. வேற கடைல குடுத்திருந்தா, முக்கால்வாசி பொழச்சிருக்கும். மொதல்ல காப்பி எடுத்திருக்கணும். அதுக்கு ஒரு மெஷின் இருக்கு. அது வேணாம்னு பேசி ஜெயிச்சது நான்தான்."

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். உள்ளே மேசையில் கொடி பாதி வரைந்த நிலையில் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"பேசி ஜெயிச்சியா? யாருகிட்ட?"

"கூட்டாளிகிட்டக்கா. போட்டி மாதிரி."

"போட்டி." அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "ரெண்டு ரவிக்கைய திருப்பிக் குடுத்துட்டேன் தெரியுமா? பத்து வருசமா எங்கிட்ட வர்றவங்க. டிசைன் இல்லைன்னு அவங்க மூஞ்சிய பாத்து சொன்னேன். நீ அன்னிக்கு உக்காந்து டீ குடிச்சியே, அப்ப உன் வாய்க்கு என்ன, ஷட்டரா போட்டிருந்தாங்க?"

"தப்புதாங்க்கா."

"அந்தப் பேச்சு நக்கோ, வேணாம். தப்புன்னு சொல்றதும் பேச்சுதான். என் மயிலு வருமா?"

வராது என்றேன். குக்கர் விசில் அடித்தது; அவர் போய் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பி வந்தார். நான் வாசலிலேயே நின்றிருந்தேன்.

"பழைய துணி, மாதிரிக்குத் தெச்ச பீஸ் எல்லாம் எத்தனை இருக்கும்க்கா?"

"மூட்டையா கெடக்கு. கைக்கு?"

"ஒவ்வொண்ணையும் போட்டோ எடுத்து, அது மேலயே வரைஞ்சா மறுபடி டிசைன் ஆயிடும்ல?"

"உனக்குத் தையல் தெரியுமா? எந்தத் தையல் மொதல்ல, எது மேல எதுன்னு தெரியுமா?"

"தெரியாது. நீங்க சொல்லுங்க, நான் மவுஸ் புடிக்கிறேன். நீங்க தெச்சுக்கிட்டே சொல்லலாம்."

பக்கத்து வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் கீரை ஆய்வதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அக்கா அவர்களையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். "இவனுக்கு வாய் நீளம்" என்று அவர்களிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "எத்தனை நாள் வருவ? ரெண்டு நாளா, மூணு நாளா? அவங்களுக்கும் கேக்கற மாதிரி சொல்லு" என்றார்.

அவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன்.

"கடைசி டிசைன் முடியற வரைக்கும் ஞாயித்துக்கிழமை தவறாம வருவேன்க்கா. மொத டிசைன் மயிலு. வரைஞ்சு முடிச்ச ஒவ்வொண்ணையும் ரெண்டு எடத்துல காப்பி போட்டு, உங்க கையில குடுத்துட்டுத்தான் எந்திரிப்பேன்."